கையை எடுத்தாலே போதும்

அடிக்க வேண்டியதில்லை, தாங்காமல் விட்டாலே போதும். புறக்கணிப்பதைக் குறிக்கும் 'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல் பிறந்த கதை இதுதான்.

அது ஒருவரின் பெயர். ஆனால் அவர் செய்ததை அது சொல்லவில்லை. ஊர் அவருக்குச் செய்ததைச் சொல்கிறது. சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். 1880-ல் குத்தகையைக் கால் பங்கு குறைக்கச் சொன்னார்கள் குடியானவர்கள். பதிலுக்கு வந்தது, நிலத்தைவிட்டு வெளியேறும்படி நோட்டீஸ்.

சில நாள் முன்புதான் எனிஸ் ஊர்க் கூட்டத்தில் அயர்லாந்துத் தலைவர் பார்னல் ஒரு கேள்வி கேட்டிருந்தார். துரத்தப்பட்டவனின் நிலத்தை இன்னொருவன் எடுத்தால் என்ன செய்வீர்கள்? சுட்டுவிடலாம் என்றது ஒரு குரல். அதைவிட நல்ல வழி உண்டு, அவனோடு எந்தப் புழக்கமும் வேண்டாம் என்றார் பார்னல்.

மேயோ மக்கள் அந்த வழியைப் பாய்காட்டிடம் காட்டினார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்கவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. அறுவடைக்கு உள்ளூரில் ஆளே இல்லை. வெளியூரிலிருந்து ஐம்பது பேர் வந்து, ராணுவக் காவலில் அறுத்தார்கள். விளைச்சல் சுமார் 500 பவுண்டு பெறும். அதற்கு ஆன செலவோ சுமார் 10,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பாய்காட் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

இப்படி ஒருவரை ஒதுக்கிவைப்பதற்கு 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற பழைய சொல் படித்தவர்களிடம் இருந்தது. குடியானவர்களுக்கு அது புரியாதே என்று, பாதிரியார் ஓமாலி பாய்காட்டின் பெயரையே வினைச்சொல்லாக்கினார் என்பார்கள். சில வாரங்களில் அது செய்தித்தாள்களில் ஏறியது. பிறகு மொழி மொழியாகப் பரவியது.

கை ஓங்கினால், உங்களை அடக்க எதிராளிக்கு ஒரு சாக்கு கிடைக்கும். கையை எடுத்துக்கொண்டால், இத்தனை நாள் தன்னைத் தாங்கியது யார் என்று அவருக்கே விளங்கும்.

இன்று உங்களை அழுத்துவது எது? அது ஓடுவதில் உங்கள் உழைப்பு எவ்வளவு, உங்கள் பணம் எவ்வளவு, உங்கள் தலையாட்டல் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பலமில்லை என்று சோர வேண்டாம். நீங்கள் தாங்குவதால்தான் அது நிற்கிறது.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். தனியாகக் கையை எடுத்தால் அது கோபம். சேர்ந்து எடுத்தால்தான் பலம். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்.