'ஆருமில்லை' என்று ஒரு கைநாட்டு

திங்கட்கிழமை காலையில் கோவை கலெக்டர் ஆபீஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? மஞ்சப்பையும் கையுமாக ஒரு கூட்டம் நிற்கும். அன்னூர், சூலூர், கிணத்துக்கடவு என்று முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். அன்றைக்குத்தான் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கவும் வாசலில் ஆட்கள் இருப்பார்கள்.

என் நண்பர் ஒருவர் முப்பத்தைந்து வருடம் இந்த வேலையைச் செய்தார். வாசலில் அல்ல, ஒரு சின்ன தொழிற்சங்க ஆபீஸின் மூலையில். மூடிப்போன மில்லின் பி.எஃப். பணம், கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை, விதவை பென்ஷன், முதியோர் பென்ஷன்... எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வருகிறவர்களிடம் காசு வாங்க மாட்டார். சங்கம் கொடுக்கும் சொற்பப் பணத்தில்தான் குடும்பம். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, "பத்து ரூபாய்ல கேள்வி கேக்கலாமுங்க!" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஆலோசனை மையங்கள் உண்டு. 1939-ல், இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்த அதே வாரத்தில் திறந்தார்கள். நம் ஊரில் இப்படிப்பட்ட தனி மனிதர்கள்தான் மையம்.

அவர் எழுதும் மனுவில் 'கருணை கூர்ந்து' என்ற வார்த்தையே இருக்காது. "பிச்சையா கேக்கறோம்? சட்டத்துல இருக்கறதைக் கேக்கறோமுங்க" என்பார்.

கண் பார்வை மங்கியதும் வேலையை விட்டுவிட்டார். சங்கத்தில் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்குப் பார்க்கப் போனேன்.

"எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருப்பீங்கண்ணா?"

"வாங்கினவங்க ஆரும் ஞாபகமில்லீங்க தம்பி. வாங்காமப் போன ஒரு ஆத்தாதான் ஞாபகத்துல நிக்குது."

சூலூர் பக்கத்து ஆத்தா. முதியோர் பென்ஷனுக்காக வந்திருக்கிறார். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1962-ல், மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. தொகைதான் மாறியதே தவிர, 'ஆதரவற்ற' என்ற வார்த்தை போகவில்லை. வயதானால் மட்டும் போதாது, நாதியில்லை என்றும் காட்ட வேண்டும். விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்பது பிள்ளைகளைப் பற்றித்தான்.

ஆத்தாவுக்கு ஒரு மகன். தறி ஓட்டுகிறவன். அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளுக்கே பத்தாத கூலி. நண்பர் மனுவில் 'கவனிக்க யாருமில்லை' என்று எழுதி வாசித்துக் காட்டினார்.

"உசுரோட இருக்கறவனை இல்லைன்னு எப்படி சாமி கைநாட்டு வெக்கறது? நாளைக்கு ஊருக்குள்ள அவனை என்ன சொல்லுவாங்க?"

நண்பருக்குக் கோபம். "மானம் சோறு போடுமா ஆத்தா?" என்று கேட்டுவிட்டார். ஆத்தா மஞ்சப்பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வரவேயில்லை.

"நீங்க கேட்டதுல என்ன தப்பு? அவங்க நல்லதுக்குத்தானே?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை.

எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அடுத்ததாகவே 'இரவச்சம்' என்று இன்னொன்றை வைத்தார். கேட்க வேண்டிய நிலைமையும் இருக்கிறது, கேட்கக் கூசுகிற மனசும் இருக்கிறது. இரண்டும் அக்கம்பக்கம்தான். 'இது உரிமை, கூசாதே' என்று அட்வைஸ் செய்வது சுலபம். ஆனால், பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் உரிமைதானா?

ரேஷன் கடையைப் பாருங்கள். 1997-ல் மத்திய அரசு ரேஷனில் ஏழை, ஏழையல்லாதவர் என்று கோடு கிழித்தது. தமிழ்நாடு, எல்லோருக்கும் பொதுவான ரேஷனைக் கைவிடவில்லை. நம் கடையில் அரிசி வாங்க வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. 'உனக்கு வசதி இருக்கா?' என்று எந்த கண்டக்டராவது கேட்கிறாரா? அங்கே யாரும் தலைகுனிவதில்லை. ஆக, வாங்குவதில் அவமானம் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வியில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், அந்தக் கணக்கில் ஆத்தாவின் மானத்தையும் ஒரு செலவாக எழுத வேண்டும் அல்லவா?

கிளம்பும்போது நண்பர் ஒரு காகிதத்தை நீட்டினார். முதியோர் பென்ஷனுக்கான மனு. பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவருடைய பெயர். முப்பத்தைந்து வருட உழைப்பில் அவருக்கென்று பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் தினக்கூலி.

"மிச்சத்தை நீங்க எழுதிக் குடுங்க தம்பி. எனக்குக் கண்ணு தெரியலை" என்றார்.

எழுதிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் பேனா நின்றது.

"அண்ணா... உங்களைக் கவனிச்சுக்க யாரும் இல்லைதானே?"

நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் எல்லார்கிட்டயும் இப்படித்தானுங்க தம்பி கேட்டுட்டு இருந்திருக்கறேன்" என்றார்.