இரும்புக் கையும் ஆணி துளைத்த கையும்



உங்கள் இல்லத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை இருக்குமானால், அப்பிள்ளையின் தலையணைக்கடியில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று என்றாவது பார்த்திருப்பீர்கள். மந்திரக்கோல் ஏந்திய சிறுவனின் கதையாக இருக்கலாம். முகமூடி தரித்து மாடிக்கு மாடி தாவும் வீரனின் கதையாகவும் இருக்கலாம். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது, செபமாலை நேரத்திலும் கண்ணயர்கிறது, இந்தப் பொய்க் கதைக்கு மட்டும் நள்ளிரவு வரை கண் விழித்திருக்கிறதே என்று மனம் சலித்திருப்பீர்கள். இத்தகைய கதைகளை இரசிப்பது தகுமா? அதில் தீங்குண்டா? உண்டெனில் அது எங்கே இருக்கிறது? இக்கேள்விகளைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

முதலில் நாம் வாழும் மண்ணைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவியோரத்து அமிர்தகழி என்ற ஊரின் பெயரே ஒரு வீரக் கதையிலிருந்து பிறந்ததென்பர். அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து வான்வழியே சென்றபோது அமிர்தத்தின் துளி ஒன்று இவ்விடத்தில் சிந்தியதாம். ஆடி அமாவாசை நாளில் மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் நீராடத் திரளும் மக்களுக்கு அக்கதை இன்றும் உயிருள்ளது. மலையைத் தூக்கிப் பறக்கும் வீரனை நமது அயலவர்கள் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரிகளில் விடிய விடிய ஆடிய வீரர்களும் சாதாரண மனிதர் அல்லர்.

கத்தோலிக்கராகிய நாமும் இத்தகைய கதைகளின்றி வளர்ந்தோமா? சிற்றன்னையின் சூழ்ச்சியால் காட்டில் இரு கைகளும் வெட்டப்பட்டு, தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெற்ற ஞானசவுந்தரியின் கதையைக் கேட்டு நமது அம்மம்மாமார் அழுதார்கள். அது நாடகமாயிற்று, 1948இல் திரைப்படமுமாயிற்று. எஸ்தாக்கியார் வேட்டையில் கண்ட மானின் கொம்புகளுக்கிடையே பாடுபட்ட சுரூபம் தோன்றியதென்று கூத்துப் பாடினோம். வலுசர்ப்பத்தை ஈட்டியால் குத்தும் புனித ஜோர்ஜியாரின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டினோம். 1873இல் தொடங்கிய மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியின் பாதுகாவலர், திருவெளிப்பாட்டு நூலில் வலுசர்ப்பத்தோடு போர்புரியும் அதிதூதரே அன்றோ? ஆகவே, வியப்பூட்டும் கதை என்பதனாலேயே அது விசுவாசத்திற்குப் பகை என்று கூற நமக்கு வாயில்லை.

இனி, தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வந்த நவீன வீரர்களைப் பார்ப்போம். 1972 சனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. அதன் நாயகன் ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்த பாத்திரம் அது. ஆய்வுகூடத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக் கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, அந்த இரும்புக் கை மாத்திரம் தெரிய நடமாடுவான். 1936இல் அமெரிக்கர் லீ ஃபாக் படைத்த முகமூடி வீரன், பிற்காலத்தில் ராணி காமிக்ஸ் வாயிலாகத் தமிழில் ‘மாயாவி’ என்ற பெயரிலேயே உலாவினான். பின்னர் 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வந்த ஹாரி பொட்டர் கதைகள் உலகெங்கும் பரவின. இன்று இவையெல்லாம் கைத்தொலைபேசித் திரைக்குள்ளும் நுழைந்துவிட்டன.

இக்கதைகளைக் கண்டு பெரியோர் அஞ்சுவதும் புதிதன்று. 1954இல் பிரெட்ரிக் வெர்த்தாம் என்ற அமெரிக்க மனநல வைத்தியர், படக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று நூல் எழுதினார். அமெரிக்கச் செனற் சபையில் விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே ஒழுக்க விதிகள் வகுத்துக் கொண்டனர். ஆனால் அவ்வைத்தியரின் சொந்தக் குறிப்புகளை ஆராய்ந்த கரோல் டில்லி என்ற அறிஞர், பிள்ளைகளின் வாக்குமூலங்களை அவர் தமது கட்சிக்கேற்ப மாற்றியும் சேர்த்தும் எழுதியிருந்தார் என்பதை 2012இல் வெளிப்படுத்தினார். பிள்ளைகளைப் பொய்க் கதையிலிருந்து காக்கப் புறப்பட்டவர், அப்பிள்ளைகளைப் பற்றியே பொய் சொல்ல நேர்ந்தது. நல்ல நோக்கம் ஒன்றே போதாது என்பதற்கு இது பாடம்.

அப்படியானால் எல்லாம் நன்றே என்று விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. இங்கே இரு புனிதர்களின் அனுபவம் நமக்குத் துணை செய்யும். ஸ்பெயின் நாட்டு அவிலாத் தெரேசம்மாள் சிறுமியாயிருந்தபோது, தாயாருடன் சேர்ந்து வீரதீரக் கதைகளைத் தந்தைக்குத் தெரியாமல் வாசித்தார். புதிய கதைப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் மனம் நிறைவடையாத நிலை தமக்கு வந்ததென்று தமது வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதுகிறார்.

மற்றவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, அவர் கேட்டதும் வீரதீரக் கதைகளையே. வீட்டில் அவை இல்லாதபடியால் கிறிஸ்துவின் சரித்திரத்தையும் புனிதர்களின் சரித்திரத்தையும் கொடுத்தார்கள். ஒரு பெருமாட்டிக்காகத் தாம் ஆற்றப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்காகக் கற்பனை செய்வார். புனிதர்களைப் போல் வாழ்வதாகவும் கற்பனை செய்வார். இரண்டும் இனித்தன. ஆனால் முதலாவது ஓய்ந்த பின் மனம் வறண்டது. இரண்டாவது ஓய்ந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியது. அந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்தே ஆவிகளைப் பகுத்தறியும் அவரது முறை பிறந்தது. அவர் நிறுவிய சபையின் குருமார் பல தலைமுறைகளாக மட்டக்களப்பில் கற்பித்தவர்கள். ஆதலால் இப்பாடம் நமக்கு அந்நியமானதன்று.

கவனியுங்கள். இஞ்ஞாசியார் கற்பனையைக் கைவிடவில்லை. கற்பனை ஓய்ந்த பின் மனம் எப்படியிருக்கிறது என்று பார்த்தார். நம் பிள்ளைகளுக்கும் இதுவே அளவுகோல். புத்தகத்தை மூடிய பின், பிள்ளை தம்பியோடு விளையாட எழுகிறதா, அல்லது வீட்டையும் வீட்டாரையும் வெறுத்து அடுத்த பாகத்துக்கு ஏங்குகிறதா? மந்திரக்கோலும் மாயக் கம்பளமும் அட்டைப்படத்தில் இருப்பதல்ல பிரச்சினை. கதை முடிந்தபின் எஞ்சும் சுவையே சாட்சி சொல்லும்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அதை நம் மண்ணில் வாழ்பவரே எழுப்ப முடியும். 1978 நவம்பர் 23இல் சூறாவளி இம்மாவட்டத்தைச் சிதைத்தது. 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் பலர் மாண்டனர். இவற்றில் எதற்காவது வானத்திலிருந்து ஒரு வீரன் இறங்கி வந்தானா? வராதவனைப் பற்றிய கதையை, காத்திருந்து ஏமாந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கொடுப்பது கேலியாகாதா?

இதற்கு விடைதேட ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்போம். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் நம்மைப் போல் கத்தோலிக்கர். பன்னிரண்டு வயதில் தாயை இழந்து, ஒரு குருவானவரின் பராமரிப்பில் வளர்ந்தவர். 1916இல் சோம் நதிப் போர்க்களத்தில் நின்றவர். அப்போரில் நெருங்கிய நண்பர்களைப் பறிகொடுத்தவர். நோயுற்றுத் திரும்பி வைத்தியசாலையில் இருந்த நாட்களில் அவர் தமது கற்பனை உலகின் கதைகளை எழுதத் தொடங்கினார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘மோதிரங்களின் தலைவன்’ என்ற பெருங்கதை வெளிவந்தது. கற்பனைக் கதை தப்பியோடுதல் அல்லவா என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை சிந்திக்கத்தக்கது. சிறையில் கிடப்பவன் வெளியுலகை நினைப்பதையும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதாதீர்கள் என்பதே அதன் சாரம். துன்பத்தைக் காணாதவர் மட்டும் கற்பனை செய்வதில்லை. துன்பத்தைக் கண்டவருக்கும், அது மட்டுமே உலகம் அல்ல என்று நினைவூட்டும் ஒரு சாளரம் வேண்டியிருக்கிறது.

அக்கதையின் உள்ளடக்கத்தையும் நோக்குங்கள். யாவரையும் அடக்கியாளும் வல்லமையுள்ள மோதிரம் ஒன்று. அதை அணிந்து வெல்வதற்காக அல்ல, அழிப்பதற்காகவே ஒரு சின்னஞ்சிறியவன் சுமந்து செல்கிறான். இறுதிக் கணத்தில் அவன் மனமும் தளர்கிறது. முன்னர் ஓர் இழிந்தவனுக்குக் காட்டிய இரக்கமே கடைசியில் உலகைக் காக்கிறது. வென்று வீடு திரும்பியவனின் காயமோ முழுதும் ஆறுவதில்லை. போர் முடிந்த ஊரில் வாழ்கிற நாம் இதைப் பொய்க்கதை என்று எளிதில் தள்ளிவிட முடியுமா?

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் வீரனாக வேண்டும் என்ற தாகம் இயல்பாகவே எரிகிறது. அத்தாகத்துக்குக் கதை கொடுப்பவர் உண்டு. துவக்குக் கொடுப்பவரும் உண்டு. கிழக்கிலே பால்மணம் மாறாப் பிள்ளைகள் போருக்குக் கொண்டு செல்லப்பட்டதை நமது தாய்மார் மறக்கவில்லை. கதைப் புத்தகம் தன்னைக் கதை என்று சொல்லிக்கொண்டே வருகிறது. கடைசிப் பக்கத்தில் பிள்ளையை வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. ‘நீயே மீட்பன், எதிரில் நிற்பவன் அரக்கன்’ என்று மேடையில் முழங்கும் கற்பனையோ தன்னை உண்மை என்று சாதிக்கிறது. அது பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. நல்ல கதைகளில் பழகிய பிள்ளை, அரக்கர்களையும் மோதிரங்களையும் பலமுறை சந்தித்த பிள்ளை, அந்த முழக்கத்தில் ஒரு பழைய சூழ்ச்சியை அடையாளம் காணக்கூடும். கதையே அறியாத பிள்ளை அதை முதற்கதையாகக் கேட்டு நம்பிவிடவும் கூடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, வீரனுக்கு எவ்வளவு வல்லமை இருக்கிறது என்பதன்று; அதைக் கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பதே. இரும்புக்கை மாயாவிகூட, பிறர் கண்ணுக்குத் தெரியாத வல்லமை கிடைத்தவுடன் முதலில் குற்றத்துக்கே அதைப் பயன்படுத்தினான். பின்னர்தான் திருந்தி நன்மையின் பக்கம் வந்தான். யாரும் பார்க்காதபோது நீ யார் என்பதை அறியச் சிறுவனுக்கு இதைவிட எளிய பாடம் வேறெது? வெள்ளைக்கார முகமூடி வீரன் காட்டு மக்களைக் காலங்காலமாகக் காத்துவரும் கதையிலோ, அம்மக்கள் ஏன் தம்மைத் தாமே காத்துக்கொள்ளவில்லை என்று பிள்ளை கேட்கப் பழக வேண்டும். இரண்டையும் இரசிக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

நமது ஆண்டவருக்குப் பாலைவனத்தில் வந்த சோதனையும் இத்தகையதே. கல்லை அப்பமாக்கு, ஆலயக் கோபுரத்திலிருந்து குதி, உலக அரசுகளை எடுத்துக்கொள் என்று சோதித்தவன், மாயாஜால வீரனாகும்படியே அவரை அழைத்தான். அவர் மறுத்தார். சிலுவையிலிருந்து இறங்கி வா என்று கேலி செய்தபோதும் இறங்கவில்லை. இரும்புக் கை யாவற்றையும் உடைக்கும். ஆணி துளைத்த கை யாரையும் விடாது. முதலாவதை இரசிக்கும் பிள்ளை இரண்டாவதைப் புரிந்துகொள்ளாது என்று அஞ்ச வேண்டியதில்லை. வல்லமை என்றால் என்னவென்று கனவிலாவது அறிந்தவனுக்கே, அதைத் துறப்பதன் அருமை விளங்கும்.

சீயோன் தேவாலய வாசலில், சந்தேகத்துக்குரிய அந்நியன் ஒருவனை உள்ளே விடாமல் மறித்து நின்று உயிர் கொடுத்த ஒரு குடும்பத் தலைவரை நாம் அறிவோம். அவருக்கு முகமூடி இல்லை, இரும்புக் கையும் இல்லை. கதைகளில் நாம் தேடும் வீரத்தின் பொருள் அந்த வாசலில் இருந்தது.

பெற்றோரே, கடைசியாகச் சில வார்த்தைகள். பிள்ளையின் மகிழ்ச்சியைக் குற்றமாக்காதீர்கள். சதா வளைத்தே வைத்த வில் முறியும், மனமும் அப்படியே என்ற பழைய உவமையைப் புனித தோமஸ் அக்குவினாஸ் எடுத்துக்காட்டி, விளையாட்டு மனத்துக்கு ஓய்வு என்று கற்பிக்கிறார். அளவுமீறிய விளையாட்டு மட்டுமன்று, களிப்பே அற்றிருத்தலும் குறை என்பது அவர் போதனை. அதற்காகப் பாடநூலை மூடிவிட வேண்டியதில்லை. படுக்கும் நேரத்தை வரையறுங்கள். பயமூட்டும் வன்முறையும் அருவருப்பும் நிறைந்தவற்றை, காரணம் சொல்லி விலக்குங்கள். எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளை வாசிக்கும் புத்தகத்தை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். தெரேசம்மாள் தந்தைக்குத் தெரியாமல் ஒளித்து வாசிக்க நேர்ந்தது. உங்கள் பிள்ளைக்கு அப்படி நேர வேண்டாம். நீதி போதிக்க அவசரப்படாமல், “மகன், அந்த மோதிரம் உன்னிடம் கிடைத்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?” என்று சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பாருங்கள். விடை வரத் தாமதமானாலும் காத்திருங்கள்.