கேட்பவரைப் பார்க்கலாமா?

சொந்தமாக ஒரு இணைய வானொலி தொடங்குவது இன்று பெரிய காரியமில்லை. மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர், அதில் ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருள், பாடல்களை வரிசையாக அனுப்ப லிக்விட்சோப் மாதிரி இன்னொன்று. கான்ஃபிக் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். அதில் முதலிலேயே போட்டு வைத்திருக்கும் சொல் ‘ஹேக்மீ’. மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. பிறகு 8000 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் உங்கள் குரல் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

சிக்கல் அதுக்கு அப்புறம்தான். நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் ஒரு எண் இருக்கும். கேட்பவர்கள்: 3. அதைத் தொட்டு உள்ளே போனால் அந்த மூன்று பேரின் ஐபி முகவரி, எத்தனை நொடிகளாகக் கேட்கிறார்கள், எந்தச் செயலியில் கேட்கிறார்கள் என்று பட்டியல். யாரையாவது வெளியே தள்ளவேண்டுமானால் அதற்கும் பக்கத்திலேயே வழி உண்டு. தொழில்நுட்பக் கட்டுரைகள் இந்தப் பட்டியலை ஒரு வசதியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அங்கேதான் கேள்வி தொடங்குகிறது. என்னைக் கேட்டுக்கொண்டிருப்பவரை நான் பார்க்கலாமா?

பழைய வானொலியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆங்கிலத்தில் ‘பிராட்காஸ்ட்’ என்ற சொல் முதலில் கையால் விதை தூவுவதைக் குறித்தது. தூவியவருக்கு எந்த விதை எங்கே விழுந்தது என்று தெரியாது. கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை, பெட்டியைத் திறந்தவர் வீட்டிலும் திறக்காதவர் வீட்டிலும் ஒன்றாகவே போனது. இன்னொருவர் கூடுதலாகக் கேட்டால் நிலையத்துக்கு ஒரு பைசா செலவில்லை, அவர் கேட்டதும் தெரியாது.

இணைய ஓடை அப்படியில்லை. ஒவ்வொருவரும் சர்வரின் கதவைத் தட்டி, தனக்கென்று ஒரு பிரதி வாங்கிப் போகிறார்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 57.6 எம்பி. நூறு பேர் என்றால் 5.76 ஜிபி. தட்டியவர் யார் என்று தெரியாமல் கதவைத் திறக்கவே முடியாது. அதாவது இணைய வானொலியில் கேட்பது என்பதே கொஞ்சம் அடையாளம் காட்டுவதுதான்.

இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் பேசிப் பாருங்கள். பாட்டுக்கு முன்னால் நேயர்களின் பெயர்களை வாசித்ததைச் சொல்லாமல் விடமாட்டார்கள். தன் பெயர் கடல் தாண்டி வருவதைக் கேட்க மொத்தக் குடும்பமும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அந்தப் பெயர் நிலையத்துக்கு எப்படித் தெரிந்தது? அவரே கடிதம் எழுதினார், ஊர் பேரையும் அவரே போட்டார். எழுதாதவர் இருட்டிலேயே இருந்து நிம்மதியாகக் கேட்டார். தெரியப்படுத்துவதா வேண்டாமா என்ற முடிவு நேயர் கையில் இருந்தது. சர்வர் பதிவேட்டில் அந்த முடிவு என் கைக்கு வந்துவிடுகிறது.

‘மூணு பேர் கேக்குற ரேடியோவுக்கு இவ்வளவு யோசனையா? ஸ்பாட்டிஃபை பாக்காததையா நீ பாத்துடப் போற?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சின்ன நிலையத்தில்தான் பார்வை கூர்மையாக இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் கேட்கும் இடத்தில் ஒரு ஐபி முகவரி வெறும் தூசு. மூன்று பேர் மட்டும் கேட்கும் இடத்தில் அது ஒரு முகம். துபாய் என்று காட்டினால் அது யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கிறார், ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்ததும் சட்டென்று அணைத்துவிட்டார் என்பதும் தெரியும். அவர் மனைவிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

அப்போது என்ன செய்வீர்கள்? ‘என்னண்ணே, இன்னும் தூங்கலையா?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அன்பான செய்தி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து அவருக்கு அது வானொலி அல்ல. யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்பதற்காகத்தானே அவர் அந்த நேரத்தில் அதைத் திறந்தார்? மறுநாள் இரவு திறப்பதற்கு முன் ஒரு முறை யோசிப்பார்.

எதிர்த்தரப்பில் இதைவிட வலுவான ஒரு வாதம் உண்டு. அவர் உண்மையிலேயே ஏதாவது துன்பத்தில் இருந்தால்? தெரிந்தும் சும்மா இருப்பது மரியாதையா, பொறுப்பில்லாத்தனமா? இதை லேசாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்மேல் அக்கறை இருந்தால் பகலில் போன் பண்ண நூறு காரணம் இருக்கிறது. அதற்குப் பதிவேடு தேவையில்லை. இரவிலேயே ஏதாவது சொல்லவேண்டும் என்றால் வானொலிக்கென்றே ஒரு வழி இருக்கிறது. மைக்கைத் திறந்து, ‘இந்த நேரத்துல முழிச்சிருக்கிறவங்களுக்கு அடுத்த பாட்டு’ என்று சொல்லலாம். பட்டியலைப் பார்க்காமலேயே சொல்லக்கூடிய வாக்கியம் அது. எல்லோருக்கும் சொன்னது, எடுத்துக்கொள்ள வேண்டியவர் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டார் என்று நமக்குத் தெரியவேண்டியதில்லை.

எண்ணிக்கை வேண்டும், மறுக்கவில்லை. பேண்ட்வித்துக்குக் காசு கட்டுகிறோம். ஒரே ஆள் ஐம்பது இணைப்பு போட்டு சர்வரை முடக்கினால் தடுக்க முகவரியும் வேண்டும். அதற்கு ஒரு நாள் பதிவு போதும், மறுநாள் தானாக அழியும்படி வைத்துவிடலாம். எத்தனை பேர் என்பது நிலையத்தின் கணக்கு. யார் என்பது அவர்களாகச் சொன்னால் ஒழிய நம்முடையதல்ல.

பெரிய நிறுவனங்கள் நம்மை உளவு பார்க்கின்றன என்று தினமும் புலம்புகிறோம். அதே சாவி நம் கைக்கு வரும்போது என்ன செய்கிறோம் என்பதற்கு, மாத வாடகைக்குக் கிடைக்கும் அந்தச் சின்ன சர்வரே போதும்.