அளவும் நிறையும்

 

தராசைக் கையில் பிடிப்பவர்கள் நாம். ஆதலால் திருமறையின் 83-ஆவது அத்தியாயமாகிய ‘முதஃப்பிஃபீன்’ நமக்கென்றே இறங்கியதுபோல் தோன்றுவதுண்டு. வாங்கும்போது நிறைத்துக்கொண்டு விற்கும்போது குறைப்பவனுக்குள்ள கேட்டை ஜும்ஆப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். இங்கே நாம் எடுத்துக்கொண்டது வேறொன்று. நெஞ்சில் கள்ளமில்லாத வியாபாரியும் அளவில் தவறக்கூடும். பெயர் ஒன்றாகவும் நிறை வேறாகவும் இருந்தாலே போதும்.

காத்தியைப் பாருங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் அரிசியும் சீனியும் விற்ற காத்தி 16 தாயில். ஏறக்குறைய 605 கிராம். தைவானில் அதே அளவு 600 கிராம். சீனப் பெருநாட்டிலோ 500 கிராம்தான். பெயரை மட்டும் நம்பி 100 காத்திச் சரக்குக்கு விலை பேசினால், நம் பிக்குலுக்கும் சீனத்து 100 காத்திக்கும் இடையே சுமார் பத்தரைக் கிலோ வித்தியாசம் விழும். ஏமாற்ற யாரும் நினைக்கவில்லை. ஆனால் ஒருவர் பொருள் மற்றவர் பெட்டிக்குப் போய்விட்டது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் பேரீச்சம்பழத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே பணம் கொடுத்துவைப்பது வழக்கம். அண்ணலார் அதைத் தடுக்கவில்லை. அளவும் நிறையும் தவணையும் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டுமென்று மட்டும் விதித்தார்கள். இன்னொரு ஹதீஸில், நிறைக்கு மக்காவாசிகளின் நிறையையும், முகத்தலளவுக்கு மதீனாவாசிகளின் அளவையும் பிரமாணமாக வைத்தார்கள். மக்கா, வெள்ளி நிறுக்கும் வணிகருடைய ஊர். மதீனா, பழம் அளக்கும் தோட்டக்காரருடைய ஊர். எவர் எதில் கைதேர்ந்தவரோ, அவருடைய அளவே எல்லோருக்கும் அளவு. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை எந்தக் கமிட்டி செய்துவிடப் போகிறது?

1875-இல் 17 நாடுகள் பாரிஸில் கூடி அளவைகளுக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி கிலோவுக்குப் பிரமாணமாக வைத்த உலோகக் கட்டிக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே, நூறாண்டில், ஒரு கிராமின் இருபதாயிரத்தில் ஒரு பங்களவுக்கு வித்தியாசம் கண்டது. 2019 மே 20 முதல் அக்கட்டியை விட்டுவிட்டு, மாறாத இயற்கை எண் ஒன்றைப் பிரமாணமாக்கிவிட்டார்கள். விஞ்ஞானிகள் அவ்வளவு நுட்பம் பார்க்க, தட்டில் ஒட்டிய மாவைத் துடைக்க நமக்கு நேரமில்லை!

மலேசியாவில் 1972-லும், சிங்கப்பூரில் 1975-லும் நிறை அளவைச் சட்டங்கள் வந்தன. ஆயினும் ‘காத்தி’ நம் வாயைவிட்டுப் போகவில்லை, போகவேண்டியதுமில்லை. வயதான வாடிக்கைக்காரர் காத்தியில் கேட்டால் காத்தியிலேயே பேசுவோம். நிறுப்பதும் ரசீது எழுதுவதும் கிராமில் இருக்கட்டும். கணக்குக்கு எளிதென்று 600 கிராமோடு நிறுத்திக்கொண்டால், காத்திக்கு 4.8 கிராம் குறைகிறது. பிக்குலுக்கு அது கிட்டத்தட்ட அரைக் கிலோ. அதையும் அவர் பையிலேயே போட்டுவிடுவோம்.