பெயர் துறத்தலும் பேச்சுத் துறத்தலும்: பெங்களூர் இளையோர் செயல்பாடுகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

நற்செயல் புரிவோர் தம் பெயரை வெளிப்படுத்தலாமா, மறைத்தல் வேண்டுமா என்பது அறவியலில் பழைய வினாவாகும். தமிழ் மரபு இவ்வினாவிற்கு மறைத்தலே சிறந்தது என விடை கூறிவிடவில்லை. திருக்குறள் ஈகையை அடுத்தே புகழ் அதிகாரத்தை வைக்கிறது. கொடுத்தலும் அதனால் வரும் இசையும் அங்கு ஒன்றற்கொன்று பகையாகக் கருதப்படவில்லை. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் பாடலும் (புறம். 182) பிறர் நலத்திற்காக உழைப்போரைப் போற்றுமிடத்து, புகழின்பால் அவர்க்குள்ள வேட்கையை ஒளிக்காது உரைக்கிறது. ஆயின், இந்நூற்றாண்டில் பெங்களூர் நகரத்து இளையோர் பலர் வேறொரு நெறியைக் கைக்கொண்டனர். பெயரையும் பேச்சையும் ஒருங்கே துறந்து செயலை மட்டும் மேற்கொள்வது அந்நெறி. இவ்விரு துறவும் ஒரே தன்மையனவா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

2010ஆம் ஆண்டில் பெங்களூரில் 'தி அக்ளி இந்தியன்' என்னும் குழு தோன்றியது. அதன் உறுப்பினர்கள் தம் பெயரை வெளியிடுவதில்லை. 'வேலை நடக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும்' என்னும் பொருள்படும் இந்தித் தொடரே அவர்தம் முழக்கம். தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்களும் மாணவர்களும் விடுமுறை நாளின் காலைப் பொழுதில் கூடுவர். குப்பை மேடாகிய ஒரு தெருமுனையைத் துப்புரவு செய்வர். சுவரின் அடிப்பகுதிக்குச் செம்மண் நிறம் பூசுவர். செடித் தொட்டி வைத்துக் கலைந்து செல்வர். சர்ச் தெருவில் தொடங்கிய இப்பணி நகரின் மேம்பாலத் தூண்கள் வரை பரவியது. ஓரிடத்தைத் தொடுவதற்கு முன்னர் அங்குக் குப்பை ஏன் சேர்கிறது, யார் போடுகின்றனர், எப்போது அள்ளப்படுகிறது என்பவற்றை அவர்கள் கூர்ந்து நோக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. 2014இல் டெட்எக்ஸ் மேடையில் இக்குழுவின் சார்பில் உரையாற்றியவர் முகமூடி அணிந்தே தோன்றினார். வாய் மூடுதலை வலியுறுத்தவும் ஒருவர் வாய் திறக்க வேண்டியிருந்தது என்பது சற்றே சுவையான முரண்.

இந்நெறியின் சிறப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது. அரசைக் குறைகூறிவிட்டு வீடு திரும்பும் நகர்ப்புற நடுத்தர வகுப்பினரின் பழக்கத்திற்கு இது கடுமையான மறுப்பு. பெயர் இல்லாத இடத்தில் தலைமைப் போட்டி குறையும். நன்கொடைப் பலகைக்கும் வேலை இல்லை. எனினும், பெயரைத் துறப்பவர் துறப்பது தமக்குரியதை. பேச்சைத் துறப்பவரோ தமக்கு மட்டும் உரியதல்லாத ஒன்றையும் விட்டுவிடுகிறார். ஒரு தெருமுனை ஏன் மீண்டும் மீண்டும் குப்பைமேடாகிறது என்னும் வினாவுக்கு ஒப்பந்தமுறை, ஊதியம், நகரத் திட்டமிடல் ஆகியவற்றைப் பேசாமல் முழு விடை காண்பது அரிது.

துடைப்பத்தால் தடுக்க இயலாதவையும் உள. பசவேசுவரர் வட்டத்திலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர் நீளத்தில், ஏறத்தாழ 1,791 கோடி ரூபாய்ச் செலவில், 812 மரங்களை வெட்டி எஃகு மேம்பாலம் அமைக்கக் கர்நாடக அரசு முனைந்தது. 2016 அக்டோபர் 16 அன்று இளையோரும் முதியோருமாக ஆயிரக்கணக்கானோர் 'பேடா' (வேண்டா) என்னும் ஒற்றைக் கன்னடச் சொல்லோடு மனிதச் சங்கிலியாக நின்றனர். 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. ஊழல் குற்றச்சாட்டுகளும் அம்முடிவுக்குக் காரணமாயின என்பதை மறத்தலாகாது. ஆயினும், அம்மரங்களைப் பொறுத்தவரை வாய்மூடிய நற்பணியால் பயன் ஒன்றும் விளைந்திராது.

பேச்சுக்கு விலை உண்டு. பெங்களூரைச் சேர்ந்த காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவி, உழவர் போராட்டத்தை ஆதரிக்கும் இணைய ஆவணம் ஒன்றைத் திருத்திப் பகிர்ந்தார் என்னும் குற்றச்சாட்டில் 2021 பிப்ரவரி 13 அன்று தில்லிக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். தேசத்துரோகப் பிரிவும் அவர்மீது சுமத்தப்பட்டது. பத்து நாள் கழித்துப் பிணை வழங்கிய தில்லி நீதிமன்றம், அரசின் கொள்கையோடு உடன்படாமைக்காகவே குடிமக்களைச் சிறையில் இடலாகாது எனக் கருத்துரைத்தது. செடி நட்டவர் எவரும் அந்நகரில் இத்தகைய வழக்கைச் சந்திக்கவில்லை. வாய் மூடியிருத்தல் ஒரு நோன்பு என்பதோடு ஒரு பாதுகாப்பும் ஆகும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

செயலும் பேச்சும் பிரியாது நின்ற இளையோர்க்குத் தமிழில் தலையாய சான்று மணிமேகலை. அவள் காயசண்டிகை வடிவில் சென்று சிறைக்கோட்டத்தாரின் பசியை அமுதசுரபியால் தீர்த்தாள். அவ்வளவில் திரும்பியிருந்தால் அதுவும் நிறைவான அறமே. ஆனால் அதை அறிந்து மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவியபோது, அச்சிறையையே அறக்கோட்டமாக்குமாறு அவள் கேட்டாள் (காதை 19). உணவிடுவது அவள் கையால் இயன்றது. சிறையை மாற்றுவது அரசனால் மட்டுமே இயல்வது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த தெளிவே ஈண்டு நோக்கத்தக்கது. அவள் தன் உருவை மறைத்திருந்தாள் என்பதும் கருதற்குரியது: வடிவை மறைத்தவள் வாயை மூடவில்லை.

பெங்களூரிலும் ஒரு சிறைக்கோட்டம் உருமாறியுள்ளது. பழைய மத்தியச் சிறை 2008இல் சுதந்திரப் பூங்காவாயிற்று. இன்று அதுவே போராட்டக் களம். நகரின் போராட்டங்கள் அதற்குள் மட்டுமே நிகழவேண்டும் என 2021ஆம் ஆண்டின் ஆணை ஒன்று வரையறுத்தது. பேச்சுக்கு இடமளித்ததும் பேச்சை அடைத்து வைத்ததும் ஒரே மதிலாக அமைந்தமையை அறக்கோட்டம் எனலாமா என்பது ஐயத்திற்குரியது. 2022 ஜூலையில் அப்பூங்காவில் அமர்ந்தவர்கள் 'பௌரகார்மிகர்' எனப்படும் துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். பணி நிரந்தரம் அவர்தம் கோரிக்கை.

பெயர் துறத்தல் பற்றிய முழு வினாவும் இவர்கள்முன் வேறு வடிவம் பெறுகிறது. விடுமுறைக் காலையில் கையுறை அணிந்து குப்பை அள்ளும் இளைஞரின் பெயரின்மை அவரே விரும்பி ஏற்றது, வேண்டும்போது களையக்கூடியது. அதே தெருவை நாள்தோறும் பெருக்கும் பெண்ணின் பெயரின்மையோ சாதியும் ஒப்பந்தமுறையும் அவர்மேல் ஏற்றியது. முன்னதைத் துறவு என்று போற்றும் சமூகம் பின்னதைக் கண்டதாகவே காட்டிக்கொள்வதில்லை. இளைஞர் வாய் மூடினால் அவர்க்கு இழப்பில்லை. அத்தொழிலாளி வாய் மூடியிருந்த ஆண்டுகளிலெல்லாம் ஒப்பந்தமுறையே நீடித்தது. 2025 மே முதல் நாளன்று 12,000க்கும் மேற்பட்ட பௌரகார்மிகர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கப்பட்டது. அவரவர் பெயருக்கே அவ்வாணை எழுதப்பட்டது.