மண்ணுக்குக் கொடுத்த கலம்

பழைய சூசா நகரத்து மட்கலம் ஒன்றின் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. ஈரானின் தென்மேற்கில், கி.மு. 4000 அளவில் வனையப்பட்டது. உயரம் ஏறத்தாழ 29 சென்ரிமீற்றர். கபில நிறத்தில் தீட்டிய ஒரு மலையாடு. அதன் கொம்புகள் உடலையும் விஞ்சி, முதுகின் மேல் பெரு வட்டமாக வளைந்து நிற்கின்றன. மேலே ஓடும் நாய்கள். விளிம்பை ஒட்டி நெடுங்கழுத்துப் பறவைகளின் வரிசை.

இத்தனை அழகும் புதைகுழிக்குள் வைக்கப்பட்டது. வைத்தவர் இனி அதைக் காணப்போவதில்லை என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார். எங்கள் மையவாடியில் கபன் துணியன்றி வேறெதுவும் கூடப் போவதில்லை. ஆயினும், பிடி மண் அள்ளிப் போட்டுத் திரும்பிய எவருக்கும் அந்தக் கொடை விளங்கும்.

அப்படிக் கொடுத்ததை நான் பார்க்கலாமா?

1900இல் முஸஃபருத்தீன் ஷா பிரான்சுடன் செய்த உடன்படிக்கை, சூசாவில் கிடைப்பவை அனைத்தையும் அந்நாட்டுக்கே உரித்தாக்கியது. 1906க்கும் 1908க்கும் இடையில் ஜாக் த மோர்கனின் குழு அந்த இடுகாட்டைத் தோண்டியது. கலம் இன்று பாரிஸின் லூவ்ர் நூதனசாலையில் இருக்கிறது. 2001இல் தென்கிழக்கு ஈரானின் ஜிரோஃப்ற் பகுதியில் வெள்ளம் பழைய புதைகுழிகளைத் திறந்துவிட்டது. கிராமத்தவர்கள் தோண்டி எடுத்து விற்றார்கள். அவர்களைத் திருடர் என்கிறோம். முன்னவர்களை அறிஞர் என்கிறோம். நடுவில் இருப்பது மன்னரின் கையொப்பம் மட்டுந்தானா?

இல்லை, அறிஞர் பதிந்து வைக்கிறார், அதனால் இறந்தவர் மறக்கப்படுவதில்லை என்பார்கள். நியாயமான பதில். ஆனால் சூசாவில் கலங்களுக்குக் கிடைத்த கவனம் எலும்புகளுக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கலம் எவரருகில் இருந்தது என்ற கணக்கு ஒழுங்காக எழுதப்படவில்லை. அந்த அளவில் இரு கூட்டத்தாரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

தோண்டியிருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்துத் தோன்றாத காலத்துக் குயவர் அவர். பெயர் இல்லை. அந்த ஆட்டின் கொம்பு மட்டுமே அவரை நமக்குச் சொல்கிறது. தோண்டாதிருந்தால் அதுவும் இல்லை. ஆகவே பார்ப்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் பார்வை கடனாகப் பெற்றது என்பதை மறக்காதிருக்க விரும்புகிறேன். படத்தின் கீழே உயரமும் காலமும் அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றை வாசித்த பின் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இது எவருடைய தலைமாட்டிலிருந்து எடுத்தது?

பதில் இல்லை. அந்தப் பதிலை இழக்கச் செய்தது காலமல்ல, எடுத்த கைகள்தான்.