தட்டில் தண்ணீர் இல்லை

சென்ற மே மாதம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். வீக்கம் குறைய ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டுவது நின்றுபோனது. இரவு தண்ணீர் ஊற்றி வைத்த ட்ரேயைக் காலையில் எடுத்தால் மேலே கண்ணாடி போல ஓர் ஏடு, அதற்குக் கீழே தண்ணீர். கைப்பிடியைத் திருகினால் கட்டிகள் பெட்டிக்குள் விழும் வகை ட்ரே அது. திருகினால் கையெல்லாம் நனைந்ததுதான் மிச்சம்.

அதற்கு முன்பே கீழ்த்தட்டில் வைத்த தோசை மாவு ஒரே நாளில் புளிக்கத் தொடங்கியிருந்தது. "உளுந்து அதிகமாப் போட்டிருப்ப" என்றார் அம்மா. "நீ சும்மா சும்மா திறந்து மூடுற, அதான்" என்றார் கணவர். நானும் மாவின் அளவை மாற்றிப் பார்த்தேன். தமிழில் இயந்திரத்துக்கு வருவதைப் பழுது என்கிறோம், மனிதர் செய்வதைக் குற்றம் என்கிறோம். இந்த வேறுபாடு நம் சமையலறைகளில் செல்லுபடியாவதில்லை. மிக்ஸி நின்றால், குக்கர் விசில் அடிக்காவிட்டால், பால் திரிந்தால், பழுது உடனே ஒரு பெண்ணின் குற்றமாக மாறிவிடுகிறது. அவளும் அதை முதலில் தன்னிடமே தேடுகிறாள்.

இடையில் ஒருநாள், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜைக் காலி செய்து, இரண்டு கதவுகளையும் திறந்துபோட்டுத் துடைத்து வைத்தேன். மறுநாள் ஐஸ் கல்லாகக் கட்டியது. எட்டு நாள் நன்றாக ஓடி, ஒன்பதாம் நாள் மறுபடி பழைய கதை. உள்ளே ஏதோ உருகினால் சரியாகிறது, மறுபடி உறைந்தால் கெடுகிறது என்பது எனக்குப் பட்டது. அதற்குப் பெயர்தான் தெரியவில்லை.

மெக்கானிக் வந்தார். "சார் இல்லீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ஃப்ரீசருக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சும்மா. 3,500 ஆகும்" என்றார்.

"நடுவுல எட்டு நாள் நல்லா ஓடுச்சே. கேஸ் போயிருந்தா அது எப்படித் திரும்பி வந்துச்சு?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. சார் நம்பர் குடுங்க."

வாழ்நாளில் ஒரு ட்ரேயில்கூடத் தண்ணீர் ஊற்றி வைத்திராத என் கணவர், முந்தைய இரவு நான் சொன்ன அதே வாக்கியத்தை ஃபோனில் சொன்னார். "அப்படிங்களா சார்? அப்ப டீஃப்ராஸ்ட் பிரச்சினையா இருக்கும், கழட்டிப் பாத்துடறேன்" என்றார் மெக்கானிக்.

ஃப்ரீசரின் பின்சுவரைக் கழற்றியபோது உள்ளே வெள்ளைச் சுவராகப் பனி. இந்த வகை ஃபிரிட்ஜில் குளிரூட்டும் சுருள் அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சிறு ஃபேன்தான் குளிர்காற்றை மேலும் கீழும் அனுப்புகிறது. சுருளில் பனி படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் ஓடி அதை உருக்கும். உருகிய நீர் குழாய் வழியே பின்னாலுள்ள தட்டில் விழுந்து, கம்ப்ரஸரின் சூட்டில் ஆவியாகும். ஹீட்டர் ஓடாவிட்டால் பனி வளர்ந்து காற்றின் வழியை அடைக்கும். கீழே முதலில் குளிர் குறையும், பிறகு ஃப்ரீசரிலும் ஐஸ் கட்டாது. எங்கள் வீட்டில் ஹீட்டருக்கு மின்சாரம் விடும் பைமெட்டல் என்ற சிறு உறுப்பு போயிருந்தது. எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

ஒரே வாக்கியம், இரண்டு குரல்கள். மிராண்டா ஃப்ரிக்கர் என்ற மெய்யியலாளர் 2007இல் வெளியான தன் நூலில் இதை அறிவு சார்ந்த அநீதிகளில் ஒன்றாக விளக்குகிறார். சொல்லப்படுவதைப் பார்க்காமல், சொல்பவர் யார் என்ற முற்சாய்வைக் கொண்டு அவர் சொல்லின் நம்பகத்தை ஒருவர் குறைத்து எடைபோட்டால், அங்கே நடப்பது தவறான கணிப்பு மட்டுமல்ல, அறியக்கூடியவர் என்ற அவரது தகுதிக்கு இழைக்கப்படும் தீங்கு என்பது அவர் வாதம். நான் எழுத நினைத்த கட்டுரை இதோடு முடிந்திருக்க வேண்டும். கோபமும் நியாயமும் என் பக்கம் இருந்தன.

ஆனால் மெக்கானிக் கிளம்பும்போது பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "தட்டு காஞ்சு கெடக்கு பாருங்க. இதைப் பார்த்திருந்தா முதல்லயே தெரிஞ்சிருக்கும்" என்றார். வாசலில் மாப்போடு நின்றிருந்தவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்றாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முந்தைய மழைக்காலத்தில் டெங்கு தடுப்புக்காக மாநகராட்சியிலிருந்து வந்த பெண்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்து, அந்தத் தட்டுத் தண்ணீரில் நெளிந்த கொசுப் புழுக்களைக் காட்டினார்கள். வாரம் ஒருமுறை காலி செய்யச் சொன்னார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் துணியால் ஒற்றி எடுப்பது அவர் வேலை. அப்படி ஒரு தட்டு இருப்பதையே நான் மறந்துபோனேன்.

ஏப்ரலில் அவர் சொன்னார்: "அக்கா, தட்டுல தண்ணியே வர மாட்டேங்குது."

"நல்லதுதானே, கொசு வராது" என்றேன்.

அடுத்த வாரம்: "மோட்டார் நிக்காம ஓடிக்கிட்டே இருக்குக்கா. முன்ன நடுவுல அடங்கும்."

"வெயில் காலத்துல அப்படித்தான் ஓடும்."

மாவு புளித்தபோது இன்னொன்றும் சொன்னேன்: "துடைக்கும்போது மாப்புக் கட்டை இடிச்சு கதவு திறந்துக்குதான்னு பாருங்க." அதன் பிறகு அவர் ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசவேயில்லை.

மெக்கானிக்காவது ஒரு ஃபோனில் மனம் மாறினார். நான் ஐந்து வாரம் மாறவில்லை. அவர் என்னிடம் "புரியாது" என்றார். நான் அதைவிட மரியாதையாக, ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் கொடுத்து வாயை அடைத்தேன். கடைசியில் சாட்சி சொல்ல வந்தவரையே குற்றவாளியாக்கினேன். என்னிடம் வந்து சேர்ந்த குற்றத்தைக் கீழே இறக்கி வைக்க எனக்கு ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் கிறிஸ்டி டாட்சன் 2011இல் எழுதிய கட்டுரையில் இரண்டு வகை மௌனங்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, சொன்னதைக் கேட்காமல் விடுவதால் வருவது. மற்றது, கேட்பவருக்கு இதை ஏற்கும் திறனோ மனமோ இல்லை, சொன்னால் தனக்கே ஆபத்து என்று உணர்ந்து, சொல்பவரே தன் சொல்லை விழுங்கிக்கொள்வது. இரண்டாவதில் யாரும் யாரையும் அதட்டியிருக்க மாட்டார்கள். வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நான் 'பிரச்சினை ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட முடியுமா? மெக்கானிக் ஆயிரம் ஃபிரிட்ஜ்களைப் பார்த்தவர். நான் ஒன்றோடுதான் வாழ்கிறேன். தட்டு காய்ந்ததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். உண்மைதான். சொன்னதை அப்படியே நம்ப வேண்டும் என்பதல்ல நம் கடமை. ஆனால் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம். ஃபிரிட்ஜைக் கொஞ்சம் இழுத்து, குனிந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். செலவில்லாத ஒரு சோதனையைக்கூடச் செய்யாமல் ஒருவரின் சொல்லைத் தள்ளிவிடும்போது, நாம் அந்தச் சொல்லின் மெய் பொய்யைப் பார்ப்பதே இல்லை. அவரிடம் விஷயம் இருக்க வாய்ப்பில்லை என்று முன்பே முடிவுகட்டியிருக்கிறோம். பிழையான கணிப்பு அநீதியாக மாறுவது அந்த இடத்தில்தான்.

அறிவு எங்கிருந்து வருகிறது என்பதும் இதில் இருக்கிறது. மெக்கானிக்கின் அறிவுக்குக் கூலி உண்டு, பெயர்கள் உண்டு. தரையோடு குனிந்து வேலை செய்பவருக்கு மட்டும் தெரியும் தட்டின் ஈரத்துக்கும் மோட்டாரின் மூச்சுக்கும் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. பெண்கள் காலம்காலமாக நம் அறிவைப் 'பழக்கம்' என்றும் 'கைப்பக்குவம்' என்றும் சுருக்கியவர்களோடு வாதாடி வருகிறோம். அதே சுருக்கலை இன்னொரு பெண்ணுக்குச் செய்வதற்கு அந்த வாதம் தடையாக இருப்பதில்லை என்பதை நான் என் சமையலறையில் கற்றுக்கொண்டேன். சாதியும் கூலியும் வீட்டுக்குள் யாருடைய சொல் எடுபடும் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கும்போது, அந்த வரிசையில் எனக்கு மேலே இருப்பவர் மட்டுமே என் கண்ணில் பட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் சொன்னேன்: "நீங்க சொன்னதுதான்க்கா சரி. நான் கேக்கல. கதவு இடிக்குதான்னு கேட்டதும் தப்பு." அவர் பாத்திரத்தைத் தேய்த்தபடியே, "அதனால என்னக்கா" என்றார். அது மன்னிப்பா, பேச்சை முடித்துக்கொள்ளும் வழியா என்று என்னால் சொல்ல முடியாது. நான் கொடுத்த வேலை அவர் கையில் இருக்கும்போது அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

இந்தக் கட்டுரையில் அவர் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்தவர் அவர்தானே என்றேன். "வேணாங்க்கா. நான் போற மத்த வீட்டுலயும் படிப்பாங்க" என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் அவரோடு ஃபிரிட்ஜை இழுக்கிறேன். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால், "இருக்குக்கா" என்கிறார். அவராக இன்னும் எதுவும் சொல்லத் தொடங்கவில்லை.